திடுக்கிட வைக்கிற படமும் தூங்க விடாத படமும்

பேய்ப்படம் என்று வருவதையெல்லாம் பார்த்துவிட்டேன், தியேட்டரில் நாலைந்து இடத்தில் தூக்கிவாரிப் போடுகிறது, ஆனால் வீட்டுக்கு வந்தால் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறேன், உண்மையிலேயே பயமுறுத்துகிற படம் என்று ஒன்று இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் பட்டியல் போதும் என்றால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். உடம்பு துள்ளுகிறது, மனசு ஏன் அசையவே இல்லை என்பதுதான் உங்கள் கேள்வி. நான் சினிமாவில் சவுண்ட் எடிட்டிங், மிக்ஸிங் வேலை பார்க்கிறவன். பேய்ப்படங்கள் நிறையவே கை வழியாகப் போயிருக்கின்றன. அதனால் காது வழியாகத்தான் பதில் சொல்லப் போகிறேன். கேமராக்காரர் ஒருவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார், அவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிர்பாராத நேரத்தில் பெரிய சத்தம் கேட்டால் இமை மூடிக்கொள்ளும், கழுத்தும் தோளும் இறுகும். இது மூளையின் அடித்தண்டு வழியாக நடக்கிற அனிச்சைச் செயல். என்ன சத்தம் என்று நாம் யோசிப்பதற்குள் உடம்பு துள்ளி முடித்துவிடும். பேயை நம்புகிறவர், நம்பாதவர் என்ற பேதம் அதற்குக் கிடையாது. பக்கத்து அறையில் பாத்திரம் விழுந்தாலும் அதே துள்ளல்தான். ஆகவே தியேட்டரில் துள்ளியதை வைத்து, படம் பயமாக இருந்தது என்று சொல்ல முடியாது. சத்தம் பெரிதாக இருந்தது என்று மட்டும் சொல்லலாம். இந்தத் துள்ளல் திரும்பத் திரும்ப நடந்தால் மங்கிப்போகும் என்பதும் நன்றாகத் தெரிந்த விஷயம். இடைவேளைக்குப் பிறகு பல படங்கள் சலிப்பூட்டுவதற்கு இது ஒரு காரணம். அதே சமயம், ஏற்கெனவே பயந்துபோய் இருக்கிறவரை, இருட்டில் உட்கார்ந்திருக்கிறவரை, அதே சத்தம் இன்னும் பலமாகத் தாக்கும். இதையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் பயத்தை முன்னாலேயே விதைத்து வைத்திருக்க வேண்டும். சத்தம் கடைசியில் வருகிற அறுவடை மட்டும்தான்.

எங்கள் மேஜையில் இந்தத் துள்ளலை எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். ஒரு வீட்டுக் காட்சி என்றால் மின்விசிறி, தூரத்து வண்டிகள், பூச்சிச் சத்தம் என்று ஒரு ஆம்பியன்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் அதைக் கவனிக்க மாட்டீர்கள். உலுக்க வேண்டிய இடத்துக்கு ஐந்தாறு நொடி முன்னாலிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவோம். முதலில் தெரு போகும், அப்புறம் பூச்சி, கடைசியில் மின்விசிறி. நாயகியின் மூச்சு மட்டும் மிஞ்சும். காது அந்த அமைதிக்குப் பழகிய நொடியில், அடியில் ஒரு கனமான 'தொம்', நடுவில் இரும்பு உரசல், மேலே ஒரு அலறல் என்று மூன்றையும் ஒன்றாக அடிப்போம். செய்வதற்குக் கஷ்டமே இல்லை. ஆனால் இப்போது ரசிகர்களுக்கே இது அத்துப்படி. சத்தம் இறங்க ஆரம்பித்ததும் தியேட்டரில் பாதிப் பேர் காதில் விரலை வைத்துக்கொள்கிறார்கள். எப்போது பயப்பட வேண்டும் என்று படமே முன்கூட்டி அறிவித்துவிடுகிறது.

இந்த வித்தை தொடங்கிய இடத்துக்குப் போனால் எதைத் தொலைத்தோம் என்று தெரியும். 1942இல் ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்காக வால் லூட்டன் தயாரித்து, ஜாக் டூர்னர் இயக்கிய படம் 'கேட் பீப்புள்'. ஆசையோ பொறாமையோ பொங்கினால் தான் சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று நம்புகிற ஐரீனா என்ற பெண்ணின் கதை. பணம் அதிகம் கிடையாது, வேறு படங்களுக்குப் போட்ட செட்டுகளையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதில் ஆலிஸ் என்ற பெண் இரவில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் பக்கம் ஒரு கல்சுவரை ஒட்டித் தனியாக நடந்து போகிறாள். பின்னால் ஐரீனா வருகிறாள். இசை இல்லை. இரண்டு பேரின் ஹீல்ஸ் சத்தம் மட்டும். தெருவிளக்கு வெளிச்சம் வட்டம் வட்டமாக விழுந்து கிடக்கிறது. ஆலிஸ் வெளிச்சத்துக்குள் வருகிறாள், இருட்டுக்குள் போகிறாள்; பின்னால் வருகிறவளும் அப்படியே. ஒரு கட்டத்தில் பின்னால் வந்த காலடிச் சத்தம் நின்றுவிடுகிறது. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. நடை ஓட்டமாகிறது. நாம் சுவருக்கு மேலே இருக்கிற இருட்டைப் பார்க்கிறோம். அப்போது விலங்கு சீறுவது போல ஒரு சத்தம். ஒரு பஸ் பிரேக் போட்டுக்கொண்டு திரைக்குள் நுழைகிறது.

எடிட்டர் மார்க் ராப்சன் செய்த அந்த வெட்டுக்கு 'லூட்டன் பஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்குப் பூனை குறுக்கே பாய்வது, நண்பன் பின்னாலிருந்து தோளில் கை வைப்பது எல்லாம் அந்த பஸ்ஸின் வாரிசுகள். வாரிசுகள் பஸ்ஸை எடுத்துக்கொண்டார்கள், அதற்கு முன்னால் நின்றுபோன காலடியை விட்டுவிட்டார்கள். அந்தக் காட்சியின் பயம் முழுக்க அந்தக் காலடியில்தான் இருக்கிறது. ஒரு சத்தம் வந்தால் அது என்ன, எங்கிருந்து வந்தது என்று சீக்கிரம் தெரிந்துவிடும். பழகிப்போன சத்தம் நின்றால் காரணம் தெரியாது, காது தானாகத் தேட ஆரம்பிக்கும். அந்தத் தேடலைப் படம் நமக்காகச் செய்து தருவதில்லை, நாமே செய்கிறோம். என் தொழிலில் நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: பார்க்கிறவரைத் தேட வைக்கிற படம் பயமுறுத்துகிறது, தேடிக் கையில் கொடுத்துவிடுகிற படம் திடுக்கிட மட்டும் வைக்கிறது. உங்கள் தூக்கம் கெடாததற்குக் காரணம், நீங்கள் பார்த்த படங்கள் உங்களுக்கு எந்த வேலையும் கொடுக்கவில்லை என்பதுதான்.

ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) படத்தில் ஒரு சிறுவன் ஆளில்லாத ஹோட்டல் நடைபாதைகளில் மூன்று சக்கர வண்டி ஓட்டிக்கொண்டே போவான். கேமராவை இயக்கிய கேரட் பிரவுன் தன் ஸ்டெடிகேமை, அதாவது நடந்தாலும் ஆடாமல் படம் பிடிக்க உதவுகிற கருவியை, தரையை ஒட்டி இறக்கிப் பின்னாலேயே போகிறார். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காட்சியைக் கேளுங்கள். மரத்தரையில் சக்கரம் கடகடவென்று இரைகிறது. கம்பளத்தில் ஏறியதும் சத்தம் அடங்குகிறது. மறுபடி மரம், மறுபடி கம்பளம். முதல் சவாரியில் ஒன்றுமே நடக்காது. ஆனால் அந்தச் சத்தத்தின் தாளம் நமக்குள் ஏறிவிடும். அடுத்த சவாரியில் ஒரு பூட்டிய அறை. மூன்றாவதில் மூலை திரும்பும்போது எதிரே இரட்டைச் சிறுமிகள் நிற்கிறார்கள். அதற்குள் ஒவ்வொரு மூலையிலும் 'இங்கே யாராவது நிற்பார்களோ' என்று நாமே தேடிக் களைத்திருப்போம். இந்தப் படத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள், எனக்கு அந்தச் சக்கரச் சத்தம் ஒன்றே போதும்.

இன்னொரு காட்சி, 'எக்ஸார்சிஸ்ட் 3' (1990). படம் மொத்தமாகப் பார்த்தால் மேடுபள்ளமானது. ஆனால் அதில் ஒரு ஆஸ்பத்திரி நடைபாதைக் காட்சி இருக்கிறது. கேமராவை நடைபாதையின் கோடியில் நிறுத்தி வைத்துவிட்டு, இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ் தன் வேலையைப் பார்ப்பதைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். காகிதம் புரட்டுகிறாள், எழுந்து போகிறாள், வருகிறாள். நடுவில் ஒரு சின்னப் போலி அதிர்ச்சியும் வந்து போகிறது. அதோடு முடிந்தது என்று நாம் மூச்சு விடுகிறோம். இசை இல்லை, நடைபாதையில் குளோசப்பும் இல்லை. திரையில் இத்தனை கதவு இருக்கிறது, எதைப் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் வருவதைச் சொல்ல மாட்டேன். அங்கே சத்தமும் வெடிக்கிறது, நானும் துள்ளினேன், அன்றைக்குத் தூக்கமும் போனது. துள்ள வைப்பது தப்பில்லை, அதற்கு முன்னால் இந்தக் காத்திருப்பு இருக்க வேண்டும்.

இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் படங்களில் பெரும்பாலான பயம் ரீரெக்கார்டிங்கில்தான் கெடுகிறது. கதவு திறக்கும் முன்பே வயலின்கள் ஆரம்பித்துவிடும். மிக்ஸிங்கில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: இசை டிராக்கை மட்டும் மியூட் செய்துவிட்டுக் காட்சியை ஓட்டிப் பார்ப்பது. அப்போதும் வயிற்றில் ஏதோ செய்தால் காட்சி உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே செய்யவில்லை என்றால் இசை எவ்வளவு ஏறினாலும் பிரயோசனமில்லை. அதற்காக இசையே கூடாது என்று சொல்ல மாட்டேன். 'சைக்கோ' (1960) குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதிக் காட்டியதும் மனம் மாறிவிட்டார். அந்த இசை முன்னறிவிப்பு கொடுப்பதில்லை. கத்தியோடு சேர்ந்து வருகிறது.

சத்தத்தைத் தாண்டி, கதை விஷயத்தில் ஒன்று. நம் படங்களில் பேய்க்குப் பெரும்பாலும் ஒரு பிளாஷ்பேக் இருக்கும். அநியாயமாகச் செத்தவர், பழிவாங்க வருகிறார். காரணம் தெரிந்த நிமிடத்தில் நாம் பேயின் பக்கம் சேர்ந்துவிடுகிறோம். பயம் போய் இரக்கம் வந்துவிடுகிறது. இது குறை என்று நான் நினைக்கவில்லை. கொலையுண்டவர் தெய்வமாகிற கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அந்த நியாயம் நமக்கு வேண்டியிருக்கிறது. ஆனால் அதே மரபில் பழையனூர் நீலி கதையும் இருக்கிறது. கணவன் கையால் செத்தவள், மறுபிறவி எடுத்த அவனைத் துரத்தி வருகிறாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபையில் நின்று, என் கணவர் என்னைக் கைவிடப் பார்க்கிறார் என்று அழுகிறாள். அவன் 'இது பேய்' என்று கதறுகிறான். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. கையிலிருந்த வாளையும் வாங்கிக்கொண்டு, உனக்கு ஒன்று ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று சொல்லி அவளோடு அனுப்பி வைக்கிறார்கள். நீலியின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்தும் அந்தச் சபைக் காட்சி முதுகைச் சில்லிட வைக்கிறது. உண்மை தெரிந்த ஒரே ஆளின் பேச்சு எடுபடவில்லை, கதவை அவன் பக்கத்து மனிதர்களே சாத்துகிறார்கள். இதை அப்படியே நிதானமாக எடுத்தால் எந்த கிராஃபிக்ஸும் தேவைப்படாது.

ஹிடியோ நகாடாவின் 'ரிங்கு' (1998) இந்த நியாய எதிர்பார்ப்பை வைத்துத்தான் நம்மை வீழ்த்துகிறது. படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாண்டிவிடுங்கள். ஒரு வீடியோ கேசட்டைப் பார்த்தவர் ஏழு நாளில் சாகிறார். ஒரு பெண் பத்திரிகையாளர் தேடிப்போய், கிணற்றில் தள்ளப்பட்ட சடாகோ என்ற பெண்ணின் எலும்புகளைக் கண்டெடுத்து அணைத்துக்கொள்கிறார். ஆத்மா சாந்தியடைந்துவிட்டது என்று நாமும் எழுந்திருக்கத் தயாராகிறோம். அப்புறம்தான் ஒரு வீட்டில் டிவி தானாக ஓட ஆரம்பிக்கிறது. இரக்கம் காட்டியதால் எந்தப் பயனும் இல்லை. சடாகோவின் நடையைக் கவனித்துப் பாருங்கள். நடிகையைப் பின்பக்கமாக நடக்க விட்டுப் படம் பிடித்து, அதைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். ஏதோ சரியில்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது, என்ன சரியில்லை என்று சொல்ல வருவதில்லை.

இனி சந்தேகத்துக்கு இடமான விஷயங்கள். காதுக்குக் கேட்காத தாழ்ந்த அதிர்வை, அதாவது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை, படத்தில் ஒளித்து வைத்தால் காரணமில்லாத பயம் வரும் என்று இணையத்தில் அடிக்கடி எழுதுகிறார்கள். இதன் வேர் விக் டாண்டி என்ற பொறியாளர் 1998இல் எழுதிய கட்டுரை. தன் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய அமானுஷ்ய உணர்வுக்கு, ஒரு மின்விசிறி எழுப்பிய 19 ஹெர்ட்ஸ் அளவிலான அதிர்வுதான் காரணம் என்றார். சுவாரசியமான கதைதான், ஆனால் அதை வைத்துப் பொதுவிதி செய்ய முடியாது. தொழில் ரீதியாக ஒன்று சொல்லலாம். வீட்டு டிவியின் ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு இறங்கவே இறங்காது. தியேட்டர் சப்வூஃபர்களும் பெரும்பாலும் அதற்கு மேலேயே நின்றுவிடும். ஆகவே டிவியில் பார்த்து நீங்கள் பயந்தால் காரணம் அது இல்லை. கரகரத்து உடைந்த சத்தங்களைப் பற்றிய ஆய்வு இதைவிட வலுவானது. மர்மட் என்ற அணில் இனத்தின் அலறல்களை ஆராய்ந்து வந்த டேனியல் ப்ளூம்ஸ்டீனும் அவர் கூட்டாளிகளும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களின் ஒலியை எடுத்துப் பார்த்து, 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பயத்தில் கத்துகிற விலங்கின் குரலில் வருகிற அதே முறிவுகள் திகில் படங்களின் அலறல்களில் கூடுதலாக இருக்கின்றன என்று கண்டார்கள். எங்கள் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. சுத்தமாகப் பதிவான அலறல் நடிப்பாகத் தெரியும், தொண்டை கிழிந்த அலறல் நெஞ்சில் போய் நிற்கும். மற்றபடி, கடவுள் நம்பிக்கை உள்ளவர் அதிகம் பயப்படுவாரா, சின்ன வயதில் கேட்ட கதைகளுக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் மனநல வல்லுநர்கள் பேச வேண்டியவை. நான் அதில் கை வைக்க மாட்டேன்.

பட்டியலுக்கு முன்னால் ஒரு வேண்டுகோள், எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதைப் பற்றி. மிக்ஸிங் தியேட்டரில் ஃபேடரை, அதாவது மொத்தச் சத்தத்தை ஏற்றி இறக்குகிற கட்டுப்பாட்டை, 7 என்கிற அளவில் வைத்துத்தான் நாங்கள் ஒவ்வொரு மூச்சையும் முடிவு செய்கிறோம். சத்தம் அதிகம் என்று புகார் வரும் என்பதால் பல தியேட்டர்களில் அதை 5க்கோ இன்னும் கீழேயோ இறக்கிவிடுகிறார்கள். அப்போது இடிகள் கேட்கும், தூரத்துக் காலடி காணாமல் போகும். தேட வேண்டியதே போய்விட்டால் பயம் எப்படி வரும்? அதனால் நல்ல பேய்ப்படத்தை வீட்டில், விளக்கை அணைத்துவிட்டு, ஓரளவு தரமான ஹெட்போனில் பார்ப்பதே மேல். டிவியில் 'நைட் மோட்' என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள், அது மெல்லிய சத்தத்தை ஏற்றி, பெரிய சத்தத்தை இறக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடும். டப்பிங் வேண்டாம், சப்டைட்டில் போதும். டப்பிங்கில் குரலோடு சேர்ந்து மூச்சும் மாறிவிடுகிறது. போனை வேறு அறையில் வையுங்கள். நடுவில் ஒரு மெசேஜ் பார்த்தால், படம் நாற்பது நிமிடம் கட்டியதை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும்.

முதலில் ஜாக் கிளேட்டனின் 'தி இன்னொசென்ட்ஸ்' (1961) பாருங்கள். ஹென்றி ஜேம்ஸ் எழுதிய நெடுங்கதையிலிருந்து எடுத்தது. ஒரு மாளிகை, இரண்டு குழந்தைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த பெண். ஆரம்பத்தில் திரை கறுப்பாகவே இருக்க, ஒரு சிறுமியின் பாட்டு மட்டும் ஒலிக்கும். ஸ்ட்ரீமிங் நின்றுவிட்டதோ என்று நினைத்து ஓட்டிவிடாதீர்கள். பட்டப்பகலில் ஏரிக்கு அந்தப் பக்கம் நாணல்களுக்கு நடுவே ஒரு உருவம் நிற்கிற காட்சி வரும். அது ஒன்றும் செய்வதில்லை, சும்மா நிற்கிறது. ஒளிப்பதிவாளர் ஃபிரெடி பிரான்சிஸ் அகலத் திரையின் ஓரங்களை இருட்டாக்க ஃபில்டர்களின் விளிம்பில் வண்ணம் பூசி எடுத்தார், அந்த ஓர இருட்டைப் பார்த்தபடியே இருக்கத் தோன்றும். பிடித்திருந்தால் அடுத்து ராபர்ட் வைஸின் 'தி ஹாண்டிங்' (1963). பேயைக் கடைசி வரை காட்டுவதே இல்லை. சுவர் தட்டப்படுகிற சத்தமும் உள்பக்கம் புடைக்கிற ஒரு கதவும்தான். 'கேட் பீப்புள்' பற்றி மேலே சொல்லிவிட்டேன். எழுபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும், ஒரே மூச்சில் பார்த்துவிடலாம்.

ஜப்பானியப் படங்களில் 'ரிங்கு'வை விட கியோஷி குரோசாவாவின் 'கைரோ' (2001) உங்களுக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது. கதை குழப்பமானது, அவசரப்படுகிறவர்களுக்கு எரிச்சல் வரும். ஆனால் சிவப்பு டேப் ஒட்டிய ஓர் அறைக்குள், ஒரு பெண் உருவம் மெதுவாக நடந்து வருகிற காட்சியைப் பாருங்கள். பாதியில் கால் மடங்கி உடம்பு ஒரு பக்கம் சரிந்து, மறுபடி நிமிர்ந்து வருகிறது. எதிரே இருப்பவனைத் தொடவில்லை, கத்தவில்லை. அதற்கு மேல் நான் சொல்லக்கூடாது. ஆஸ்திரேலியப் படமான 'லேக் மங்கோ' (2008) ஆவணப்பட பாணியில் எடுத்தது, நீரில் மூழ்கி இறந்த ஒரு பெண்ணின் குடும்பம் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுகிறது. துள்ள வைக்கிற இடங்களை எண்ணிக்கொண்டு பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். புகைப்படங்களின் மூலைகளைத் தேடிப் பார்க்கிறவருக்கான படம் இது. கடைசியில் பெயர்கள் ஓடும்போதும் அணைத்துவிடாமல் பாருங்கள்.

நம் பக்கத்தில் 'யாவரும் நலம்' (2009) இன்றும் எனக்கு முதலிடம். விக்ரம் குமார் இயக்கியது, ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம். அந்தப் படத்தில் பயமுறுத்துவது எல்லாம் நம் வீட்டில் இருப்பவை. நாயகன் தனியாக ஏறினால் மட்டும் ஓடாத லிஃப்ட், வீட்டுக்குள் எடுத்தால் மட்டும் கோணலாக வருகிற செல்போன் படம், அம்மாவும் அண்ணியும் தினமும் உட்கார்ந்து பார்க்கிற டிவி சீரியல். முடிவில் விளக்கம் கொஞ்சம் நீளம், முதல் பாதிக்காக அதை மன்னித்துவிடலாம். 'பீட்சா' (2012) படத்தில் விஜய் சேதுபதி ஒரு பங்களாவுக்குள் டார்ச் விளக்கோடு மாட்டிக்கொள்கிற பகுதியை ஹெட்போனில் மறுபடி பாருங்கள், ஏற்கெனவே பார்த்திருந்தாலும் சரி. மலையாளத்தில் ராகுல் சதாசிவனின் 'பூதகாலம்' (2022). பாட்டி இறந்த வீட்டில் அம்மாவாக ரேவதியும் மகனாக ஷேன் நிகமும். மகனுக்குச் சத்தங்கள் கேட்கின்றன. அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் அது அவன் மனநோயாகத் தெரிகிறது. நீலி கதையில் சொன்னேனே, யாரும் நம்பாத அந்த நிலைமை, அது இங்கே ஒரு குடும்பத்துக்குள் நடக்கிறது.

'ஹெரெடிட்டரி' (2018) படத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல படம், ஆனால் சமீபத்தில் வீட்டில் இழப்பு ஏதாவது நடந்திருந்தால் இப்போது வேண்டாம். பேயை விட அதில் வருகிற துக்கம் கனமானது. இவ்வளவும் பார்த்த பிறகும் ஒன்றும் அசைக்கவில்லை என்றால், சின்ன வயதில் எந்தக் காட்சிக்கு, அல்லது எந்தச் சத்தத்துக்கு, பயந்தீர்கள் என்று எழுதுங்கள். அதை வைத்து அடுத்த படத்தைச் சொல்கிறேன்.